பழைய காரும் புதிய பழியும்

வன்னியிலே இரண்டாங்கையாக வாங்கிய சிறிய கார் ஒன்றை, அதிலும் சற்று வேகமாக ஓடக்கூடிய கார் ஒன்றை, நாளாந்தப் பாவனைக்கு வைத்திருப்பவன்மீது மூன்று குற்றச்சாட்டுகள் சுமத்தப்படுகின்றன. ஒன்று, காசைக் கரியாக்குகிறான். இரண்டு, இந்த மண்ணுக்கும் வீதிக்கும் ஒவ்வாததை ஓட்டித் திரிகிறான். மூன்று, வேகத்துக்கு முன்மாதிரியாகி இளம் பிள்ளைகளைக் கெடுக்கிறான். இம்மூன்றையும் கோயில் வீதியிலும், கலியாணப் பந்தலிலும், தொலைபேசி வழியே கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சில ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். சொல்பவர்கள் என்மேல் அன்புள்ளவர்கள்தாம். ஆனால் நாற்பதாண்டு பத்திரிகைத் தொழில் செய்தவனுக்கு, குற்றச்சாட்டைக் கேட்டவுடன் ஆதாரம் எங்கே என்று வினவும் பழக்கம் விட்டுப்போவதில்லை. ஆகவே இந்தப் பதில்.

முதலில் வழக்கின் பொருளைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது 1992ஆம் ஆண்டு யப்பானில் செய்யப்பட்ட டொயோட்டா ஸ்டார்லெட். அந்த வரிசையில் டேர்போ பூட்டி வந்தவற்றுள் ஒன்று. 1331 கன சென்ரிமீற்றர் இயந்திரம். தொழிற்சாலை சொன்ன வலு 135 குதிரைவலு. எடை ஏறக்குறைய 830 கிலோ. பின்னால் மேல்நோக்கித் திறக்கும் ஒரு கதவு. பின்னிருக்கையை மடித்தால் இரண்டு மூடை நெல் ஏறும். ஆங்கிலத்தில் இவ்வகைக் கார்களை 'ஹொட் ஹட்ச்' என்பர். வெளியே பார்த்தால் ஆசிரியர் ஒருவரின் கார்; உள்ளே பந்தயக் காரின் மனம்.

இந்த இனம் பணக்காரருக்காகப் பிறந்ததன்று. 1961இல் பிரித்தானியாவில் மினி கூப்பர் வந்தபோதும், 1976இல் ஜேர்மனியில் வொக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.ரி.ஐ. விற்பனைக்கு வந்தபோதும், எண்ணம் ஒன்றுதான். இரண்டு கார் வைத்திருக்க வசதியற்ற குடும்பத்துக்கு, சந்தைக்கும் பள்ளிக்கும் போகிற காரே நெடுந்தெருவிலும் தலைநிமிர்ந்து ஓட வேண்டும் என்பது அது. இரண்டு இருக்கை விளையாட்டுக் கார் செல்வந்தரின் பொழுதுபோக்கு. இதுவோ சம்பளக்காரரின் சமரசம். இதனை ஊதாரித்தனம் என்பவர், ஊதாரித்தனம் எங்கே இருக்கிறது என்பதைக் கிளிநொச்சி நகரில் ஒரு மாலைப்பொழுது நின்று பார்க்க வேண்டும். குத்தகை நிறுவனத்தின் பெயர் பதிவுப் புத்தகத்தில் இருக்க, தன் பெயரைப் பின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போகும் பெருவாகனங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கட்டும்.

'பழையது' என்ற சொல்லை வன்னியிலே இழிசொல்லாக்கியது யார்? அது எங்கள் சொல்வழக்கில் இருந்ததில்லை. 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை இறுகியபோது எங்களைச் சுமந்தவை பழையவைதாம். ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் ஆகிய அந்தப் பிரித்தானியக் கார்களின் இயந்திரத்தில் அமுக்க விகிதம் குறைவு. ஆதலால் மண்ணெண்ணெயை ஓரளவு செரித்துக்கொண்டன. சில துளி பெற்றோலில் இயக்கி, இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதியெங்கும் வெண்புகையும் அந்த மணமும் நிற்கும். நோயாளியும் பிள்ளைப்பேற்றுக்காரியும் மணமக்களும் அந்தப் புகைக்குள்தான் போனார்கள். உதிரிப்பாகம் வராத ஊரில் உதிரிப்பாகத்தைக் கடைந்தெடுத்த கைகள் இருந்தன. 2002இல் ஏ-9 பாதை திறந்தபோது கொழும்பிலிருந்து வந்தவர்கள் அந்தக் கார்களைப் படம் பிடித்தார்கள். எங்களுக்கு அவை காட்சிப்பொருளல்ல, உயிர்பிழைத்த வரலாறு.

அந்தப் பாதை 2006 ஓகஸ்ரில் மீண்டும் மூடப்பட்டது. அதன்பின் நடந்ததை வன்னி வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் வீட்டுக் கூரைத் தகரத்தையும் கிழவியையும் கன்றுக்குட்டியையும் ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கி நகர்ந்தவர்கள், 2009 மே மாதத்தில் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு வட்டுவாகல் பாலத்தை வெறுங்கையோடு கடந்தார்கள். புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் எரிந்தும் துருப்பிடித்தும் கிடந்த பேருந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் குவியல் குவியலாக ஆண்டுக்கணக்கில் கிடந்தன. ஒரு வாகனம் என்பது ஒரு குடும்பத்தின் இருபதாண்டு உழைப்பு. அதனைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு வாகனம் என்பது கௌரவத்தின் அளவுகோலாக இருக்கவே கூடாது. ஆயினும் அப்படித்தான் ஆகிவிட்டது. இதுவே என் முதல் ஆத்திரம்.

இனி முதலாவது குற்றச்சாட்டு: காசு. இந்த நாட்டில் கார் வாங்குவது என்பது காரை வாங்குவதல்ல, வரியை வாங்குவது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். ஐந்தாண்டு கடலில் கார் வரவில்லை. அதற்கிடையில் 2022இல் ரூபாய் விழுந்தது. விளைவு என்ன? முப்பதாண்டுப் பழைய கார், ஆண்டுதோறும் விலை ஏறுகின்ற அதிசயத்தை உலகுக்குக் காட்டினோம். மற்ற நாடுகளில் கார் தேய்ந்தால் விலையும் தேயும். இங்கே துரு ஏற ஏற விலையும் ஏறியது.

இறக்குமதி திறந்துவிட்டதே, புதியதை வாங்கலாமே என்பார்கள். சுங்கத் தீர்வை, அதன்மேல் மேலதிகக் கட்டணம், இயந்திரக் கொள்ளளவின்படி கலால் வரி, பெறுமதி ஒரு வரம்பைத் தாண்டினால் ஆடம்பர வரி, எல்லாவற்றுக்கும் மேலே 18 வீதம் பெறுமதி சேர் வரி. இத்தனையையும் கட்டி முடிக்கும் ஓர் ஆசிரியரையோ தாதியையோ முல்லைத்தீவு மாவட்டத்தில் எனக்குக் காட்டுங்கள். கட்டியவர் உண்டென்றால் அவர் கட்டவில்லை. அவர் பெயரில் குத்தகை நிறுவனம் கட்டியது. அடுத்த பல ஆண்டுகளுக்கு அவர் அந்நிறுவனத்துக்கு உழைப்பார். இரண்டு தவணை பிந்தினால் ஒரு காலையில் வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். வாகனத்தைச் 'சீஸ்' பண்ணிக்கொண்டு போவது என்ற புதுச்சொல் போருக்குப் பிந்திய வன்னித் தமிழின் சொத்து.

இதே நாட்டில்தான் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தீர்வைச் சலுகையில் வாகன அனுமதிப் பத்திரம் பல்லாண்டு வழங்கப்பட்டது. அந்தப் பத்திரங்கள் கைமாறி விற்கப்பட்டமை நாடறிந்த செய்தி. தமிழ் உறுப்பினர்களும் அதற்கு விலக்காக நின்று வரலாறு படைக்கவில்லை. கொள்கையில் வேறுபட்ட கட்சிகள் தீர்வைச் சலுகையில் ஒற்றுமை கண்டன. அப்போது ஊதாரித்தனம் பற்றிப் பேசாதவர்கள் என் பழைய ஸ்டார்லெட்டைக் கண்டு பெருமூச்சு விடுவது வேடிக்கை. நான் கடன்படவில்லை, தவணை இல்லை, எந்தக் கந்தோரின் வாசலிலும் நிற்கவில்லை. இதைவிடச் சிக்கனமான வேகம் இந்நாட்டில் விற்பனைக்கு இல்லை.

பழைய கார் பழுது பார்க்கவே சொத்தைத் தின்னும் என்கிறார்கள். கவனிக்காதவனின் கார் தின்னும். இந்த இயந்திரத்தின் பற்சக்கரப் பட்டியை உரிய தூரத்தில் மாற்ற வேண்டும். எண்ணெயைக் காலந்தவறாமல் மாற்ற வேண்டும். நெடுந்தூரம் ஓடி வந்து நின்றவுடன் இயந்திரத்தை அணைக்காமல், டேர்போ ஆறும்வரை ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும். குளிர்நீரைத் தினமும் பார்க்க வேண்டும். வேண்டிய பாகம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து பேருந்தில் பொதியாக வந்துவிடும். வாகனத்தின்மீது காட்டும் இந்த ஒழுங்கை நம்மவர் பலர் தம் இரத்த அழுத்தத்தின்மீதுகூடக் காட்டுவதில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு: மண். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. கிறவல் வீதியில், மாரி முடிந்த மாதத்தில், தாழ்ந்த காரின் வயிறு உரசும். உள்வீதிகள் பல இன்னும் அப்படியே இருக்கின்றன. பெருந்தெருக்களில் மட்டும் தார் பளபளக்கிறது. ஆனால் இந்த வாதத்தைக் கார்க்காரனிடம் ஏன் சொல்கிறீர்கள்? வீதிக்கு ஏற்ற கார் வாங்கு என்பது, கூரை ஒழுகினால் குடை பிடித்துக்கொண்டு படு என்பது போன்றது. போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு கிராமத்துக்குப் போக உயரமான சில்லுகள் வேண்டும் என்றால், வெட்கப்பட வேண்டியது என் ஸ்டார்லெட் அல்ல. பிரதேச சபையும் மாகாண சபையும், தேர்தலே நடத்தாமல் அந்த மாகாண சபையை முடக்கி வைத்தவர்களுமே.

எரிபொருள் பற்றிய பேச்சுக்கும் விடை சொல்கிறேன். 2022 யூன் இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவுக்கும் 95 ஒக்ரேன் 550 ரூபாவுக்கும் போனது. அதன்பின் கியூ.ஆர். முறை வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று தொடங்கி, 2023 செப்ரெம்பரில்தான் அந்த முறை நீங்கியது. இந்தக் காரை அடக்கமாக ஓட்டினால் லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் எனக்குக் கிடைக்கும். கிளிநொச்சியிலிருந்து வவுனியா ஏறத்தாழ 75 கிலோமீற்றர். ஒருமுறை போய்வந்தாலும் கிழமையின் பங்கில் மிச்சம் இருந்தது. இரண்டு தொன் எடையுள்ள பெருவாகனத்தில் தனியொருவராக வங்கிக்குப் போய்வந்தவர்கள் அந்த நாட்களில் எங்கே இருந்தார்கள்? வரிசையில் எனக்கு முன்னால் இருந்தார்கள். டேர்போ இயந்திரத்துக்கு 95 ஒக்ரேன்தான் பொருத்தம், அது எங்கள் பக்கத்து நிரப்பு நிலையங்கள் எல்லாவற்றிலும் கிடைப்பதில்லை என்பது மெய். அது தேடி நிரப்ப வேண்டிய தொல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஓடிய தலைமுறைக்கு அது ஒரு தொல்லையா?

மூன்றாவது குற்றச்சாட்டே கனமானது: பிள்ளைகளின் உயிர். இங்கே பகடிக்கு இடமில்லை. இலங்கை வீதிகளில் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களும் நடந்து சென்றவர்களும். ஏ-9 வீதியில் ஓமந்தை முதல் பரந்தன் வரை ஓட்டிப் பாருங்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்காமல் சாரதி எவரும் கடப்பதில்லை. ஆனால் பிள்ளையார் ஒருவரே அந்த வீதியின் பாதுகாப்பு ஏற்பாடாக இருப்பது எந்த நிர்வாகத்துக்கும் அழகன்று. நேரான வீதி, இரவில் நெடுந்தூரம் விளக்கில்லை, சூடான தாரில் கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும், பின்விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டி இருளில் ஊர்ந்து போகும், ஓரத்தில் நெல் காயும். 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்குப் புகையிரதம் மீண்டபின், காவலாளியோ தடையோ இல்லாத கடவைகளில் பலியானவர்கள் வேறு. இந்த மரணங்களுக்கெல்லாம் மூல காரணம் வேகமான சிறிய கார் என்று சொல்பவர், மரண விசாரணை அறிக்கைகளைப் படித்ததில்லை. நான் செய்தியாக்குவதற்காக ஆண்டுக்கணக்கில் படித்திருக்கிறேன்.

சட்டம் காருக்கு நகருக்குள் மணிக்கு 50 கிலோமீற்றரும், வெளியே 70 கிலோமீற்றரும் வரம்பு வைத்திருக்கிறது. 70 போதுமானால் 135 குதிரைவலு எதற்கு என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி; கணக்கோடு பதில் சொல்கிறேன். மாங்குளத்துக்கு அப்பால் 50இல் போகும் பாரவூர்தி ஒன்றை 70இல் முந்துகிறீர்கள் என்று வையுங்கள். அதன் பின்னாலிருந்து முன்னால் வந்து சேர, அதனைவிட ஏறக்குறைய 50 மீற்றர் கூடுதலாக நீங்கள் ஓட வேண்டும். 50இலிருந்து 70ஐ இரண்டு நொடியில் எட்டும் கார் இதனைப் பத்து நொடியில் முடிக்கும். ஆள் நிறைந்த வலுக்குன்றிய வான், அந்த 70ஐ எட்டவே எட்டு நொடி எடுத்தால், முழுவதையும் முடிக்கப் பதின்மூன்று நொடி ஆகும். மூன்று நொடிதானே? அந்த மூன்று நொடியில் எதிரே 70இல் வருபவர் 58 மீற்றர் நெருங்கிவிடுவார். நீங்களும் 58 மீற்றர் அவரை நோக்கிப் போயிருப்பீர்கள். நூறு மீற்றருக்கு மேற்பட்ட வீதி, உயிருக்கும் பிணத்துக்கும் நடுவே. வரம்பை மீறாமலே வலு பயன்படுவது இங்கேதான். ஆனால் வலு உண்டு என்பதற்காக வளைவில் முந்துபவனை இந்தக் கணக்கு காப்பாற்றாது. அவனை எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. சைலன்சரை வெட்டிக் குழாய் பூட்டி, சுருள்வில்லை அறுத்துக் காரைத் தாழ்த்தி, தேய்ந்த ரயரோடு நள்ளிரவில் நகரை எழுப்புகிறீர்களே, அது கார்மீது கொண்ட காதலா? காதலாயின் முதலில் பிரேக்கைப் பார்த்திருப்பீர்கள். ரயரின் விளிம்பில் அது செய்யப்பட்ட கிழமையும் ஆண்டும் அச்சிட்டிருக்கும்; வாசித்திருப்பீர்கள். ஓசை எழுப்பும் குழாய்க்குக் கொடுத்த காசில் நல்ல ரயர் இரண்டு வந்திருக்கும். போரில் தப்பிய தாயொருத்தி, பிள்ளையை மதகில் மோதிப் பறிகொடுப்பதைச் செய்தியாக எழுதுவதைவிடக் கொடிய வேலை எங்கள் தொழிலில் இல்லை. உங்களைத் திட்டும் உரிமை எனக்கு அதனால் வந்தது.

இவ்வளவு வாதாடியபின், என் எதிரிகள் ஒருவரும் எழுப்பாத குற்றச்சாட்டை நானே எழுப்புகிறேன். உண்மையான பலவீனம் அதுதான். என் காரில் காற்றுப்பை இல்லை. பூட்டாமல் தானாக விட்டுவிட்டுப் பிடிக்கும் பிரேக் இல்லை. மோதினால் நசுங்கி வலியை வாங்கிக்கொள்ளும் முன்பகுதி, இன்றைய கார்களுக்கு இருப்பதுபோல் இல்லை. 830 கிலோ என்று பெருமை பேசினேன்; பாரவூர்தியோடு மோதும்போது அந்தப் பெருமை ஒரு தகரப் பேணி. பழைய சிறிய காரை நாளாந்தம் ஓட்டுபவர் ஒவ்வொரு நாளும் இந்த ஆபத்தைத் தோளில் சுமக்கிறார். அவர் தோளில் இதனை ஏற்றி வைத்தது யார்?

வரிக்கொள்கைதான். நம் வரி இயந்திரத்தின் கன சென்ரிமீற்றரை எண்ணுகிறது, காற்றுப்பைகளை எண்ணுவதில்லை. மாறாக, பாதுகாப்புக் கருவி கூடக் கூடக் காரின் பெறுமதி கூடும். பெறுமதி கூடக் கூட வரி கூடும். உயிர் காக்கும் கருவிக்கு வரி போட்டுவிட்டு, வீதிப் பாதுகாப்பு வாரத்துக்குப் பதாகை கட்டும் அரசை என்னவென்று சொல்வது? இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் வாசகர்களே, உங்கள் ஊரில் பதினைந்தாண்டு ஓடிப் பழைய இரும்புக்குப் போகும் காரிலும் ஆறு காற்றுப்பை இருக்கிறது. இங்கே ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது எட்டாக்கனி. சில ஆண்டுகளுக்கு மேற்பட்ட காரை இறக்குமதி செய்யவும் சட்டம் இடந்தராது. பழைய காரிலிருந்து நாட்டைக் காக்கவென்று இயற்றிய அந்தச் சட்டம், வரியோடு சேர்ந்து, 1992ஆம் ஆண்டுக் காரை இன்னும் வீதியில் வைத்திருக்கிறது.

அந்நியச் செலாவணி இல்லையே என்பது பொருளியல் அறிந்தோரின் பதில். 2022இல் வரிசையில் நின்றவனுக்கு அது தெரியாததன்று. இறக்குமதியைக் கட்டுப்படுத்துங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கட்டுப்படுத்தும்போது பாதுகாப்பான சிறிய காருக்கு வரியைக் குறைத்து, தனியொருவர் ஏறிச் செல்லும் பெருவாகனத்துக்கு ஏற்றுங்கள். காற்றுப்பைக்கும் பிரேக்குக்கும் உரிய பெறுமதியை வரிக்கணக்கிலிருந்து கழியுங்கள். ஏ-9இன் சந்திகளுக்கு விளக்குப் போடுங்கள். புகையிரதக் கடவைகளுக்குத் தடை போடுங்கள். கட்டாக்காலி மாட்டுக்காரரிடம் தண்டப்பணம் அறவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவுப் பேருந்துக்காக வெயிலில் காத்து நிற்கும் பெண்களுக்கு நேரத்துக்கு ஒரு பேருந்து விடுங்கள். கார் பற்றிய எந்த விவாதமும், கார் வாங்கவே முடியாதவர்களின் பயணத்தை மறந்து நடக்குமாயின் அது வீண்பேச்சு.

புலம்பெயர்ந்த உறவுகளிடமும் ஒன்று கேட்கிறேன். ஊருக்கு வரும்போது வாடகைப் பெருவாகனத்தில் வந்து இறங்குகிறீர்கள். குடும்பம் பெரிது, பொதிகள் பல, அதில் தவறில்லை. ஆனால் திரும்பிப் போய்த் தம்பிக்கு அதே மாதிரி ஒன்று எடுத்துக் கொடுக்க முற்பணம் அனுப்புகிறீர்களே, மிச்சத் தவணையை யார் கட்டுவது என்று கேட்டீர்களா? அந்த முற்பணத்தில் கடனின்றி ஒரு சிறிய கார் வரும். மிச்சத்தில் நான்கு நல்ல ரயரும் வரும். தம்பிக்கு ஊரில் மதிப்புக் குறையும் என்று அஞ்சினால், அந்த மதிப்பை அளக்கும் கோலை அனுப்பி வைத்தவர்களில் நீங்களும் உண்டு.

ஆகவே என் தீர்ப்பு இது. கடனின்றி வாங்கி, பிரேக்கும் ரயரும் ஒழுங்காக வைத்து, வரம்புக்குள் ஓட்டினால், பழைய சிறிய வேகக் கார் வன்னிக்குப் பொருந்தாததன்று. மண்ணெண்ணெய்க் கார்களின் நேர்வாரிசு அது. அதன் குறை பழமையில் இருக்கிறது. அந்தப் பழமையை எங்கள்மேல் சுமத்தியது கொழும்பின் வரிப்புத்தகம். குற்றஞ்சாட்ட விரும்புவோர் தாராளமாகச் சாட்டட்டும். விலாசத்தை மட்டும் சரியாக எழுதட்டும்.